எல்லைக்கோட்டருகே நிற்பவர்கள்

(சிதம்பரத்தில் உடற்கல்வி மாணவர்களும் பயிற்சியாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



விளையாட்டைப் பற்றிப் பேச மேடையேறுகிறவர்கள் யாரைப் பற்றிப் பேசுவார்கள்? உலகக் கோப்பை வாங்கியவரைப் பற்றி, ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவரைப் பற்றி. அவர்களைப் பாராட்ட ஆயிரம் மேடைகள் இருக்கின்றன. நான் இன்று பேச வந்திருப்பது இன்னொருவரைப் பற்றி. உச்சிக்கு ஒரு படி கீழே வரை ஏறி, அங்கேயே தன் இளமையை ஆடி முடித்துவிட்டு, சத்தமில்லாமல் இறங்கிப் போனவரைப் பற்றி. அமெரிக்காவில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. மைனர் லீக் பேஸ்பால் ஆட்டக்காரர். அதிலும் குறிப்பாக அவுட்ஃபீல்டர், அதாவது மைதானத்தின் கடைக்கோடியில் நிற்பவர்.

சிதம்பரத்தில் வந்து பேஸ்பால் பேசுகிறாரே என்று சிலர் நினைக்கலாம். பேஸ்பால் நம் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் இருக்கும் ஆட்டம்தான். இந்த அவையிலேயே அந்தக் கையுறையை மாட்டிப் பார்த்தவர்கள் சிலர் இருப்பீர்கள். ஆனால் நான் அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்க வரவில்லை. இரண்டாம் வரிசை ஆட்டக்காரருக்கு ஒரு சமூகம் என்ன செய்தது, என்ன செய்யத் தவறியது, பிறகு எப்படித் திருத்திக்கொண்டது என்பதை அங்கே தெளிவாகப் பார்க்க முடிகிறது. அதைப் பார்த்துவிட்டு நம் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துக்குத் திரும்பி வருவோம்.

முதலில் அந்த ஏணியைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மேஜர் லீக் அணிகள் 30. ஒவ்வொரு அணிக்கும் கீழே படிப்படியாக வளர்ப்பு அணிகள், அவைதான் மைனர் லீக். புதுமுகங்களுக்கான அணி, பிறகு சிங்கிள் ஏ, அதற்கு மேல் ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. 2021-இல் இந்த அமைப்பைச் சீர்படுத்தியபோது ஊர்களில் ஆடும் வளர்ப்பு அணிகள் 120 என்று வரையறுத்தார்கள். டபுள் ஏ படியில் இருக்கும் ஓர் அணி ஒரு பருவத்தில் 138 ஆட்டங்கள் ஆடும். ஏறத்தாழ தினமும் ஆட்டம். ஓர் ஊரில் ஆட்டங்கள் முடிந்ததும் பஸ், பஸ் நின்றதும் அடுத்த ஊர், அங்கே மறுபடி ஆட்டம். இந்த ஏணியில் கால் வைப்பவர்களில் மேஜர் லீக் மைதானத்தை மிதிப்பவர் பத்தில் ஒருவர்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படியானால் மற்ற ஒன்பது பேர்? அந்த ஒன்பது பேரை வைத்துத்தானே 120 ஊர்களில் ஆட்டமே நடக்கிறது?

இனி அந்த அவுட்ஃபீல்டரின் வேலை. நம் தெருக் கிரிக்கெட்டில் யாரை எல்லைக்கு அனுப்புவோம்? சரியாக ஆடத் தெரியாத பையனை. ஒப்புக்குச் சப்பாணியாக ஒருவன் வேண்டும், போய் நில்லு என்று துரத்திவிடுவோம். உண்மையில் அந்த இடத்தில் நிற்பதற்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் தெரியுமா? பேஸ்பாலில் இடது, நடு, வலது என்று மூன்று பேர்தான் அந்தப் பரந்த புல்வெளி முழுவதையும் காக்கிறார்கள். மட்டையில் பந்து பட்டதும் எழும் சத்தத்திலேயே அது எவ்வளவு தூரம் வரும் என்று கணித்துவிட வேண்டும். தலைக்கு மேலே போகிற பந்தென்றால் பின்பக்கமாகவே நடந்து போகக் கூடாது. ஒரு காலைப் பின்னால் திருப்பி வைத்து, உடம்பைத் திருப்பி, பந்துக்கு முதுகைக் காட்டிக்கூட ஓட வேண்டும். ஓடிக்கொண்டே தோளுக்கு மேலாகப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இன்னொருவன் ஓடி வருகிறானா என்று காதால் தெரிந்துகொள்ள வேண்டும். பிடித்த மறுகணமே எறிய வேண்டும். வலது கோடியில் நிற்பவனுக்குத்தான் கையில் அதிக வலு வேண்டும், மைதானத்தின் மறுபக்கத்திலுள்ள மூன்றாவது தளம் வரைக்கும் அவன் எறிய வேண்டியிருக்கும்.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஆடியவர்களுக்கு இதில் ஒரு பாடம் கூடுதலாகத் தெரியும். மதியம் தாண்டினால் தேவனாம்பட்டினம் பக்கமிருந்து கடல்காற்று எழும். உயரத் தூக்கி அடித்த பந்தை அந்தக் காற்று உள்ளே இழுத்துவிடும். லாங் ஆனில் நிற்கும் பையன் எல்லைக்கோட்டை நோக்கி இரண்டு அடி பின்னால் போவான், பிறகு திடீரென்று முன்னால் பாய்வான், பந்து அவனுக்கு முன்னால் விழுந்துவிடும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அடுத்த வாரம் அதே பையன், பந்து ஏறும்போதே புல்லின் நுனி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு, அசையாமல் நின்று பிடிப்பான். அதை யாரும் கைதட்டிப் பாராட்ட மாட்டார்கள். சுலபமான கேட்ச் என்று சொல்லிவிடுவார்கள். கடைக்கோடியில் நிற்பவனின் திறமை, வேலையைச் சுலபமாகக் காட்டுவதில்தான் இருக்கிறது.

இப்போது ஒரு மனிதரை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். ஆர்ச்சிபால்ட் கிரஹாம். மூன்லைட் கிரஹாம் என்று பட்டப்பெயர். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக்காரர். 1900-களின் தொடக்கத்தில் சார்லட், மான்செஸ்டர் என்று சிற்றூர் அணிகளில் அவுட்ஃபீல்டராக ஆடியவர். ஆடிக்கொண்டே மருத்துவமும் படித்துக்கொண்டிருந்தார். 1905-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் என்ற பெரிய அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. பயிற்சியாளர் ஜான் மெக்ரா அவரை வாரக்கணக்கில் பெஞ்சில் உட்கார வைத்தார். ஜூன் 29 அன்று புரூக்ளினில் ஆட்டம். ஜயன்ட்ஸ் அணி பெரிய வித்தியாசத்தில் முந்தியிருந்தது. எட்டாவது இன்னிங்ஸில் கிரஹாமைப் பார்த்து வலது கோடிக்குப் போய் நிற்கச் சொன்னார்கள். போய் நின்றார். ஒரு பந்துகூட அவர் பக்கம் வரவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் அடுத்து மட்டை பிடிக்க வேண்டியவர் அவர்தான். மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு முன்னால் ஆடியவர் அவுட் ஆனார். அத்தோடு அவர் அணியின் முறை முடிந்தது. எதிரணியின் கடைசி முறைக்கு மறுபடி ஓடிப் போய் வலது கோடியில் நின்றார். ஆட்டம் முடிந்தது.

அவ்வளவுதான். மேஜர் லீக்கில் அவர் வாழ்க்கை அந்த ஒரே பிற்பகல். ஒரு பந்தை அடிக்கவில்லை, ஒரு பந்தைப் பிடிக்கவில்லை. சில நாட்களில் மறுபடி மைனர் லீக். ஸ்க்ரான்டன் என்ற ஊர் அணிக்காக 1908 வரை ஆடினார், நன்றாகவே ஆடினார். மேலேயிருந்து அழைப்பு வரவில்லை.

பிறகு என்ன ஆனார்? இதைத்தான் நீங்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மினசோட்டா மாநிலத்தில் சிஸம் என்று ஓர் ஊர். நம் நெய்வேலியைப் போலவே சுரங்கத்தை நம்பிய ஊர், இங்கே பழுப்பு நிலக்கரி, அங்கே இரும்புத் தாது. 1908-இல் அந்த ஊர் தீப்பிடித்து எரிந்துபோயிருந்தது. மீண்டும் எழுந்துகொண்டிருந்த அந்த ஊருக்கு மருத்துவராகப் போய்ச் சேர்ந்தார் கிரஹாம். பிறகு பள்ளிகளின் மருத்துவரானார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஊர்ப் பிள்ளைகளின் கண்ணையும் பல்லையும் நெஞ்சையும் சோதித்தார். கண்ணாடி வாங்க வசதியில்லாத சுரங்கத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கண்ணாடி கொடுத்தார். பள்ளிப் பிள்ளைகளின் ரத்த அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் அளந்து குறித்து, 1945-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1965-இல் மறைந்தார்.

அவர் தோற்றவரா? அந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகளிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்க முடியுமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். கிரஹாமை உலகம் எப்படிக் கண்டுபிடித்தது? 1969-இல் அமெரிக்காவில் பேஸ்பால் கலைக்களஞ்சியம் ஒன்று வெளியானது. மேஜர் லீக்கில் ஒரே ஒரு ஆட்டம் ஆடியவருக்குக்கூட அதில் ஒரு வரி உண்டு. டபிள்யூ. பி. கின்செல்லா என்ற கனடா எழுத்தாளர் அந்தப் புத்தகத்தைப் புரட்டும்போது அந்த ஒரு வரி கண்ணில் பட்டது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு சிஸம் ஊருக்கே போய் விசாரித்தார். 1982-இல் ஒரு நாவல் வந்தது. 1989-இல் அதைத் தழுவி ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ் என்ற படம் வந்தது. யாரோ ஒரு குமாஸ்தா ஸ்கோர் தாளைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்த காரணத்தால், பந்தையே தொடாத ஒரு மனிதர் மறக்கப்படாமல் இருக்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத்தான் வரப்போகிறேன்.

சரி, புகழ் இருந்தால் மைனர் லீக் சுலபமாகிவிடுமா? அதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. மைக்கேல் ஜோர்டான். கூடைப்பந்தில் அவருக்கு மிஞ்சி யார் இருந்தார்கள்? தந்தை கொலையுண்ட துயரத்துக்குப் பிறகு, 1993-இல் கூடைப்பந்தை விட்டுவிட்டு, தந்தை ஆசைப்பட்ட பேஸ்பாலுக்கு வந்தார். 1994-இல் பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்ற டபுள் ஏ அணியின் வலது அவுட்ஃபீல்டர். 127 ஆட்டங்கள். மட்டையடிச் சராசரி .202, அதாவது ஐந்து முறைக்கு ஒருமுறைதான் அடி பலித்தது. ஹோம் ரன் 3. உலகமே பார்க்க, மற்ற மைனர் லீக் பையன்களைப் போலவே திணறினார். மாதச் சம்பளம் 850 டாலர். அதிகாலையிலேயே மட்டையை எடுத்துக்கொண்டு பயிற்சிக்கு வந்துவிடுவாராம். உலகத்தின் முதல்தர விளையாட்டு வீரன் ஒருவனுக்கே அந்தப் படி அவ்வளவு செங்குத்து என்றால், அங்கே எட்டு வருஷம், பத்து வருஷம் தாக்குப்பிடிக்கும் பையன்களின் தரம் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவிலிருந்து இரண்டு பேர் அந்த ஏணியில் ஏறினார்கள். ரிங்கு சிங், தினேஷ் படேல். வாரணாசி வட்டாரத்துக் கிராமத்துப் பையன்கள், ஈட்டி எறிபவர்கள். ரிங்குவின் தந்தை லாரி ஓட்டுநர், வீட்டில் ஒன்பது பிள்ளைகள். 2008-இல் இந்திய நகரங்களில் வேகமாகப் பந்து எறியும் போட்டி ஒன்று நடந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எறிந்து பார்த்தார்கள். முதலிடம் ரிங்குவுக்கு, அடுத்த இடம் தினேஷுக்கு. பேஸ்பால் என்ற ஆட்டத்தையே அதற்கு முன்னால் பார்த்திராதவர்கள். அமெரிக்காவுக்குக் கூட்டிப் போய், டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் விட்டார்கள். அதே 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் பிட்சர்களாக, அதாவது பந்து எறிபவர்களாக, ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் அணி ஒன்றில் ஒப்பந்தமான முதல் இந்தியர்கள் அவர்கள்தான். 2014-இல் மில்லியன் டாலர் ஆர்ம் என்று டிஸ்னி படம் எடுத்தது, நம் ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்தார்.

படம் எங்கே முடிகிறது? ஒப்பந்தம் கிடைத்ததோடு முடிகிறது. ஆனால் ஆட்டக்காரனின் வாழ்க்கை அங்கேதானே தொடங்குகிறது! 2009-இல் புதுமுகங்களுக்கான அணியில் ஆடத் தொடங்கினார்கள். தினேஷை 2010-இல் விடுவித்துவிட்டார்கள், அவர் ஊர் திரும்பினார். ரிங்கு விடவில்லை. 2010-இல் ஸ்டேட் காலேஜ் அணி, 2011-இல் சிங்கிள் ஏ படியில் வெஸ்ட் வர்ஜீனியா அணி. பருவம் முடிந்ததும் ஆஸ்திரேலியாவுக்குப் போய் கான்பெரா அணிக்கும் ஆடினார். பிறகு முழங்கை கெட்டது. 2013-இல் அறுவை சிகிச்சை. வருஷக்கணக்கில் மீண்டும் எழ முயன்றார், மேலே போக முடியவில்லை. 2018-இல் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தத்துக்குப் போய்விட்டார், வீர் மஹான் என்ற பெயரில் தொலைக்காட்சியில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தின் கடைசிக் காட்சிக்கும் இந்த மல்யுத்த மேடைக்கும் நடுவில் இருக்கும் ஆண்டுகள்தான் மைனர் லீக். அவற்றை யாரும் படம் எடுக்கவில்லை. எனக்கு அந்த ஆண்டுகள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

இனி காசு விஷயம். காசைப் பற்றிப் பேசாமல் விளையாட்டைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

2010-இல் ஆரன் சென் என்ற இளைஞரை மார்லின்ஸ் அணி புதுமுகத் தேர்வின் பத்தாவது சுற்றில் தேர்ந்தெடுத்தது. முதல் தளத்திலும் அவுட்ஃபீல்டிலும் ஆடுபவர். அந்தக் காலத்தில் கீழ்ப்படி ஆட்டக்காரருக்கு மாதம் 1,100 டாலர்தான். அதுவும் பருவம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாமுக்குச் சம்பளம் கிடையாது. மீதி மாதங்களில் உடம்பைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கும் சம்பளம் கிடையாது. ஒரே வாடகை வீட்டில் நாலைந்து பேர் தரையில் மெத்தை போட்டுப் படுப்பார்கள். காயங்களோடு 2013-இல் சென் ஆட்டத்தை விட்டார். 2014-இல் வழக்குத் தொடுத்தார். மேஜர் லீக் மீதும் அணிகள் மீதும். எங்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடத் தரவில்லை என்பதுதான் வழக்கு.

அந்த வழக்கை நடத்திய வக்கீல் யார் தெரியுமா? காரெட் புரோஷுயிஸ். அவரும் மைனர் லீக் பிட்சர்தான். மேலே போகவே முடியாமல் 2009-இல் விலகி, சட்டக் கல்லூரிக்குப் போனவர். பஸ்ஸில் தன்னோடு தூங்காமல் பயணித்தவர்களுக்காக அவர் சட்டம் படித்தார் என்றே சொல்லலாம். வழக்கு எட்டு ஆண்டுகள் நடந்தது. இடையில் 2018-இல், இரண்டாயிரம் பக்கத்துக்கும் மேலான செலவின மசோதாவுக்குள் சில பத்திகளை நுழைத்து, மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்குக் கூலிச் சட்டம் முழுமையாகப் பொருந்தாதபடி செய்ய ஏற்பாடு நடந்தது. அந்தப் பக்கம் கோடிக்கணக்கான டாலர், இந்தப் பக்கம் ஊர் திரும்பிவிட்ட முன்னாள் ஆட்டக்காரர்கள். யார் வெல்வார்கள்?

2022-இல் மேஜர் லீக் சமரசத்துக்கு வந்தது. 18 கோடியே 50 லட்சம் டாலர். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களுக்குப் பங்கு. அதே ஆண்டு மைனர் லீக் ஆட்டக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023-இல் முதல் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. டபுள் ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 13,800 டாலரிலிருந்து 30,250 டாலர் ஆனது. தங்க வீடு அதற்கு முந்தைய ஆண்டிலேயே அணியின் பொறுப்பாகியிருந்தது. உச்சிக்குப் போன யாரோ ஒரு நட்சத்திரம் இதை வாங்கிக் கொடுக்கவில்லை. போகாதவர்கள் வாங்கினார்கள். தங்களுக்குப் பின்னால் வருகிற, முகம் தெரியாத பதினெட்டு வயதுப் பையன்களுக்காக வாங்கினார்கள்.

நம் ஊரில் மைனர் லீக் எது? ரஞ்சிக் கோப்பை என்று சொல்லலாம். ராஜிந்தர் கோயல் என்ற இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ரஞ்சியில் எடுத்த விக்கெட்டுகள் 637. அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை. இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை. 1974-இல் பெங்களூரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்ட்டில் இந்திய அணியின் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் பேடி இல்லாதபோது கோயல்தான் ஆடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பன்னிரண்டாவது ஆளாகவே உட்கார்ந்திருந்தார். தமிழ்நாட்டின் எஸ். சரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரஞ்சியில் நூறு ஆட்டங்களைத் தாண்டியவர், முதல்தர ஆட்டங்களில் எட்டாயிரம் ரன்களைத் தாண்டியவர். இந்தியத் தொப்பி கிடைக்கவில்லை. அதே சரத் 2023-இல் இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் உட்கார்ந்தார். மும்பையின் அமோல் மஜும்தார் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட முதல்தர ரன்கள் எடுத்தும் இந்தியாவுக்கு ஆடாதவர். 2025 நவம்பர் 2-ஆம் தேதி நம் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற இரவில், அவர்களின் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். கடைக்கோடியில் நின்று பார்த்தவனுக்கு மைதானம் முழுவதும் தெரியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கிரிக்கெட்டில் இன்று நிலைமை மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2021-இல் அறிவித்தபடி, நாற்பது ரஞ்சி ஆட்டங்களுக்கு மேல் ஆடியவருக்கு ஒரு நாளைக்கு 60,000 ரூபாய். 2022-இல் முன்னாள் முதல்தர ஆட்டக்காரர்களின் மாத ஓய்வூதியம் 15,000-லிருந்து 30,000 ஆனது. மகிழ்ச்சி. ஆனால் கிரிக்கெட்டைத் தாண்டினால்? நம் மாவட்டத்தில் கோடை வந்தால் ஊருக்கு ஊர் கபடி, வாலிபால். இரவு முழுக்க ஆடி, விடிகாலையில் கோப்பையையும் ரொக்கப் பரிசையும் வாங்கிக்கொண்டு, அதைப் பன்னிரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டு, காலை ஷிப்டுக்கு சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகிற இளைஞர்களை எனக்குத் தெரியும். முழங்கால் போனால் அவர்களுக்கு யார்?

இந்த இடத்தில் நம் கடலூர்ப் பெண்களைச் சொல்லாமல் போனால் என் பேச்சு நிறைவடையாது. கடலூர் மண் பெண்கள் கால்பந்துக்குக் கொடுத்திருப்பது கொஞ்சமா? இந்துமதி கதிரேசன். நடுக்கள ஆட்டக்காரர், இந்திய அணிக்கு ஆடியவர், 2019 தெற்காசியக் கோப்பையை வென்ற அணியில் இருந்தவர், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கில் சென்னைத் தெருவில் முகக்கவசத்தோடு பணியில் நின்றார். பண்ருட்டிப் பக்கத்துச் சந்தியா ரங்கநாதன், கடலூரில் அரசு விடுதியில் தங்கிப் படித்தபடியே பந்தைப் பழகி, இந்தியச் சட்டை போட்டவர். 2018 பிப்ரவரியில் கட்டக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று, தேசியப் பெண்கள் கால்பந்துப் பட்டத்தைத் தமிழ்நாடு முதல்முறையாக வாங்கியது. மணிப்பூரைத் தோற்கடிப்பது என்றால் என்னவென்று கால்பந்து தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இவர்கள் இந்திய அணி வரை போனவர்கள். இவர்களோடு அதே மைதானத்தில், அதே விடியற்காலையில், எதிர்ப் பக்கத்தில் ஓடிய பெண்கள் எத்தனை பேர்? எதிரே தடுக்க ஆளில்லாமல் ஓர் ஆட்டக்காரி உருவாக முடியுமா? அவர்கள் ஆடுவதற்கு எத்தனை ஆட்டங்கள் கொடுத்தோம்? 2019-இல் இந்தியப் பெண்கள் லீக் முழுவதும் லூதியானாவில் மே மாதத்தின் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் சிங்கிள் ஏ அணிகூட ஆண்டுக்கு நூறு ஆட்டங்களைத் தாண்டுகிறது, நம் நாட்டின் முதல் படி லீக்கே அன்று மூன்று வாரம். பிறகு 2023-24 பருவத்தில் சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் மாறி மாறி ஆடும் முறை வந்தது. ஆனாலும் பற்றாது. ஆட்டம் இல்லாமல் ஆட்டக்காரர் இல்லை.

நான் பெற்றோர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பத்தாம் வகுப்பு வந்ததும் மைதானத்தை நிறுத்திவிடுகிறீர்கள். கிரஹாம் மருத்துவம் படித்துக்கொண்டே ஆடினார். புரோஷுயிஸ் ஆடி முடித்துச் சட்டம் படித்தார். இந்துமதி ஆடிக்கொண்டே காவல்துறையில் இருக்கிறார். படிப்பும் ஆட்டமும் பங்காளிச் சண்டை போடுவதாக யார் சொன்னார்கள்? கல்லூரி நிர்வாகங்களிடம் கேட்கிறேன். போட்டிக்குப் போன பிள்ளைக்கு வருகைப் பதிவைக் குறைக்காதீர்கள். அணியில் பதினைந்தாவது ஆளாகப் போய், பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்த பிள்ளைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி இந்த அவையில் இருக்கும் பயிற்சியாளர்களே, மூத்த ஆட்டக்காரர்களே, உங்களிடம் வருகிறேன். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அந்தக் கதவு எதைக் காட்டினால் திறக்கும்? சான்றிதழைக் காட்டினால் திறக்கும். சான்றிதழ் எதை வைத்து வரும்? பதிவை வைத்து வரும். பதிவு எங்கே இருக்கிறது?

1906-இல் ஸ்க்ரான்டன் அணிக்கு கிரஹாம் எத்தனை முறை மட்டை பிடித்தார் என்பதை இன்று யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். 1986-இல் அன்றைய தென்னாற்காடு மாவட்ட லீக்கில் யார் அதிக ரன் அடித்தார்? 1995-இல் மாவட்டப் பெண்கள் வாலிபால் அணியில் இருந்த பன்னிரண்டு பேர் யார் யார்? கேட்டுப் பாருங்கள். டீக்கடையில் இரண்டு பெரியவர்கள் நினைவிலிருந்து சொல்வார்கள், ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அவர்கள் போய்விட்டால் அதுவும் போய்விடும். அந்த ஆட்டங்களுக்கெல்லாம் ஸ்கோர் எழுதினார்கள். மரத்தடியில் மேசை போட்டு, இரண்டு பேர் உட்கார்ந்து, ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி வைத்தார்கள். அந்தப் புத்தகங்கள் எங்கே? சில 2011 தானே புயலில் நனைந்தன, சில 2015 வெள்ளத்தில் போயின. மிச்சம் நம் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன, பழைய பேப்பர்காரருக்குக் காத்துக்கொண்டு.

ஆகவே என் வேண்டுகோள் இது. உங்கள் வீட்டில், உங்கள் கிளப் அறையில், உங்கள் பள்ளியின் விளையாட்டுப் பொருள் அறையில் பழைய ஸ்கோர் புத்தகமோ, அணிப் பட்டியலோ, பின்பக்கம் பெயர் எழுதிய குழுப் புகைப்படமோ இருந்தால் வெளியே எடுங்கள். கைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் பிடியுங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயரை, ஓரத்தில் நிற்பவர் வரை விடாமல், தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். உங்கள் பள்ளி நூலகத்திலோ மாவட்ட மைய நூலகத்திலோ ஒரு பிரதியைக் கொண்டு போய்க் கொடுங்கள். உடற்கல்வி மாணவர்களே, உங்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் அல்லவா? உங்கள் சொந்த ஊர் லீக்கின் நாற்பது ஆண்டுக் கணக்கை எடுத்து எழுதுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஆட்டத்திலிருந்தே தொடங்குங்கள், பன்னிரண்டாவது ஆளின் பெயரையும் முழுப் பெயராக எழுதுங்கள், கீழே தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.